மெஷின் இன்னும் எழுந்துக்கல

ஒயரையெல்லாம் புடுங்காத தம்பி, ஒயர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. கரண்டு வருது, உள்ள ஃபேன் சுத்துற சத்தம் கேக்குது, ஸ்கிரீன்ல எழுத்து கூட வந்து நிக்குது பாரு. அது கேக்கறது பாஸ்வேர்டு. குடுத்தா எழுந்துக்கும். குடுக்கலன்னா நாள் பூரா இப்படியே கண்ண சிமிட்டிகினு உக்காந்திருக்கும். அந்தப் பாஸ்வேர்டு தான் எனக்கு ஞாபகம் வரல. விஷயம் அவ்ளோ தான். இதுக்குப் போயி மழையில ஒரு ஆள வரவழைக்கணுமாடான்னு என் பையன் கிட்ட கேட்டேன். கேக்கல. சக்திவேல் ஒண்ணு நெனச்சா நெனச்சது தான்.

மொதல்ல தலைய தொவட்டிக்க. தோ, துண்டு. ஏன் வேணாம்ன்ற? ஐப்பசி மழைப்பா, மண்டைல எறங்கினா ஜுரம் வந்துடும். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. படிக்கட்டுக்கு அடியில குனிஞ்சிகினே இருந்தா இடுப்பு போயிடும், எனக்குத் தெரியும். தினமும் காலைல நான் தான இங்க குனியறது.

ஆமா, நான் தான். பின்ன யாருன்னு நெனச்ச, மருமகளா? அவ படிச்ச பொண்ணு தான், நர்சு. ஆனா இது கிட்ட அவ வரக்கூடாதுன்னு உத்தரவு. பத்தாவது பெயிலான இந்தத் தனத்துக்கிட்ட தான் சாவி.

சக்தி தான் கத்துக் குடுத்தான். லீவுல வந்தப்ப பக்கத்துல உக்கார வச்சு, ஒண்ணாங் கிளாஸ் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னான். மொதல்ல பேட்டரிப் பொட்டி. அது கூவி அடங்கினப்பறம் இது. அப்பறம் பாஸ்வேர்டு. அப்பறம் கேமராவெல்லாம் ஒண்ணொண்ணா கண்ணு தொறக்கும், அது வரைக்கும் எதுலயும் கை வைக்கக் கூடாது. எல்லாம் தொறந்தாத் தான் சேதி அனுப்பற வேலைய ஆரம்பிக்கணும். நான் ஒருவாட்டி அவசரத்துல முன்ன பின்ன அமுக்கிட்டேன். வாசக் கதவு தொறந்திருக்குது, கொல்லக் கதவு தொறந்திருக்குது, மாடிக் கதவு தொறந்திருக்குதுன்னு அவன் போனுக்கு கொத்து கொத்தா சேதி போயிடுச்சு. அபுதாபில மீட்டிங்ல இருந்தவன் எழுந்து வெளிய ஓடி வந்துட்டானாம். இங்க நானும் மருமகளும் சமையக்கட்டுல உக்காந்து முருங்கக் கீரை ஆஞ்சிகினு இருக்கிறோம்.

சிரிக்கற. நாங்களும் தான் சிரிச்சோம், அன்னைக்கு.

நிறுத்தறது இன்னும் பேஜாரு. புடுக்குனு ஸ்விட்ச அணைச்சா மெஷின் செத்துப் போச்சுன்னு அவனுக்குச் சேதி போவும், ஒடனே போன் அடிப்பான். முறையா நிறுத்தணும். சேதி அனுப்பறத மொதல்ல, அடுத்து கேமரா, கடைசில பொட்டி. அப்பவும் சும்மா வுடாது, எதுக்கு நிறுத்தறன்னு கேக்கும். காரணம் எழுதணும். தூசி தொடைக்கன்னு எழுதினா ஒத்துக்க மாட்டான். இடின்னு எழுதினா ஒத்துக்குவான். இதுக்கு முன்ன இருந்த பொட்டி ஒரு இடியில கருகிப் போச்சு, அதுலேர்ந்து இடி இடிச்சா மட்டும் நிறுத்தலாம்னு அனுமதி. இன்னைக்கு விடிய காத்தால இடிச்சுது இல்ல? உனக்கு எந்த ஊரு? போளூரா, அங்கயும் இடிச்சுதா? பாத்தியா. இடின்னு எழுதிட்டு நிறுத்தினேன். மழை கம்மியானதும் எழுப்பலாம்னு வந்து உக்காந்தா, பாஸ்வேர்டு போன எடம் தெரியல.

அவனுக்குத் தெரியாதான்னா, பழசு தெரியும். நேத்து நான் மாத்திட்டேன். அவன் தான் சொல்லிக் குடுத்தான், ஒரே பாஸ்வேர்ட ரொம்ப நாளைக்கு வச்சிருக்காதம்மா, அப்பப்ப மாத்து, மாத்தினா எனக்கு அனுப்புன்னு. மாத்தினேன். அனுப்ப மறந்துட்டேன். மத்ததெல்லாம் அவன் அங்கருந்தே பாத்துக்குவான், ஆனா எழுப்பற பாஸ்வேர்ட மட்டும் இங்க உக்காந்து தான் அடிக்கணுமாம்.

எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசாப் போடறதா? அதுவும் முடியும்ன்றியா? அவன் கிட்ட கேளு. ஒத்துக்க மாட்டான். பழைய படம், பழைய சேதி எல்லாம் போயிடும் இல்ல. அவன் அதையெல்லாம் வச்சிருக்கான் தம்பி. போன பொங்கலுக்கு வாசல்ல யாரு கோலம் போட்டாங்க, எப்போ போட்டாங்கன்னு கேட்டா எடுத்துக் குடுப்பான்.

சரி, ஞாபகப்படுத்திப் பாக்கறேன். நீ அடி. தருமன். சக்தியோட அப்பா பேரு. இங்கிலீஷ் எழுத்துல அடி, மொத எழுத்து பெருசு.

இல்லியா? தப்பு காட்டுதா? அய்யய்ய. அதுவாத் தான் இருக்கும்னு நெனச்சேன்.

தவறிட்டாருப்பா. லாரி மோதிடுச்சு, அவலூர்பேட்டை ரோட்டுல. சக்தி அப்போ தான் அபுதாபி போயிருந்தான். பெரியாஸ்பத்திரில ராத்திரியெல்லாம் உசுரோட இருந்தாரு. அவனுக்கு யாரும் சொல்லல. புள்ள அவ்ளோ தூரத்துல இருக்கறான், எழுந்து உக்காந்தப்பறம் சொல்லிக்கலாம்னு எங்க வூட்டு ஆம்பளைங்க முடிவு பண்ணாங்க. அவன் அன்னைக்கு சினிமாவுக்குப் போயிருக்கான், கூட வேலை செய்யறவங்களோட. சினிமா வுட்டு வெளிய வந்து போன தொறந்தா, அப்பா போயிட்டாருன்னு சேதி. வந்து சேர்ந்தான், என் மடியில வுழுந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான். ஏம்மா எனக்கு யாருமே சொல்லலன்னு.

அதுலேர்ந்து அவனுக்கு எல்லாம் தெரிஞ்சாவணும். அவன் வேலையும் அதே வேலையா அமைஞ்சு போச்சு. பெரிய பெரிய கம்பெனி மெஷினெல்லாம் எது படுத்துச்சு, எது எழுந்துச்சு, எது மூச்சு வாங்குதுன்னு பாத்துகினே இருக்கிற வேலை. ஒண்ணு ஆச்சுன்னா ஒடனே அவன் போனுக்கு வரும். அதையே வூட்டுக்கும் போட்டுட்டான். என் புள்ள கெட்டவன் இல்ல தம்பி. குடிக்க மாட்டான், ஒரு பீடி கெடையாது. பொண்டாட்டி மேல ஒரு நாள் கைய நீட்டினதில்ல. அத மொதல்லயே சொல்லிடறேன்.

இரு இரு, அடுத்தத அடிச்சுடாத. மூணு தடவ தப்பாப் போனா பூட்டிக்கும், ரொம்ப நேரம் கழிச்சுத் தான் தொறக்கும். யோசிச்சு சொல்றேன். அதுக்குள்ள நாஷ்டா பண்ணிடு. சாப்பிட்டியா? டீயும் பன்னும் ஒரு சாப்பாடா? உப்புமா இருக்குது, சூடாத் தான் இருக்குது. கூச்சப்படாத. வந்த ஆளுக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டா கேமரா ஒண்ணும் சொல்லாது. அது தான் தூங்குதே.

உன் போனு அடிக்குது, எடு. யாரு, சக்தியா? ஸ்பீக்கர்ல போடு, நானும் பேசறேன். ஆங் சக்தி, வந்துட்டாரு, பாத்துகினு தான் இருக்காரு. நல்ல தம்பி. மிரட்டாத அவர, நான் மறந்ததுக்கு அவரு இன்னா பண்ணுவாரு? இல்லடா, எழுதி வைக்கல, நீ தான எழுதி வைக்கக் கூடாதுன்ன. சிந்துவா? மாடில படுத்திருக்கா. தலைவலி. மாத்திரை போட்டுகினு இப்பத் தான் கண்ண மூடினா. எழுப்பவா வேணாமா? சரி. சரிடா. நீ சாப்பிட்டியா? வெறும் வயித்துல காபி குடிக்காத. வைக்கறேன்.

பாத்தியா, அவனுக்கு மூச்சே வுட முடியல. இந்தப் பொட்டி தூங்கினா அவனுக்குக் கண்ணு தெரியாத மாதிரி ஆயிடுது. பாவமாத் தான் இருக்குது. சாப்பிடு, ஆறிடப் போவுது.

சக்தி இல்லம்னு அடிச்சுப் பாரு. கேட்டுல எழுதியிருக்கே, அதே தான். நடுவுல எடம் வுடாத.

இல்லியா. ம்.

இந்த வூடு அவன் சம்பாத்தியத்துல கட்டினது. எங்களுக்கு பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடற குடும்பம். கிரிவலப் பாதையில வூடு வேணும்னு அவனுக்கு ஆசை. அடி அண்ணாமலைல மனை கெடைச்சதும் வுடல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தினி ஜனம் வாசல்ல போவும், உனக்குச் சொல்லணுமா? ஆந்திரக்காரங்க, மெட்ராஸ்காரங்க, வெள்ளைக்காரங்க, கைக்குழந்தைய தோள்ல போட்டுகினு ஒருத்தி, கால் கொப்பளிச்சு ஒருத்தன். எல்லாரும் போறாங்க. அதத் தான் சாக்கு சொன்னான். ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க, வாசல்ல லட்சம் பேரு போறான், கேமரா இல்லாம எப்படின்னு. நியாயமாத் தான பட்டுச்சு. நானே சரின்னேன். வாசல்ல ஒண்ணு, கொல்லையில ஒண்ணு. அப்பறம் கூடத்துல, சமையக்கட்டுல, மாடிப்படியில, மொட்டை மாடியில. அப்பறம் கதவுக்கெல்லாம் சின்னதா வெள்ளையா ஒண்ணு ஒட்டினீங்களே, உங்க கம்பெனி ஆளுங்க தான் வந்து ஒட்டினாங்க. நீ வரல? அப்போ நீ சேரலியா? சரி.

அதுல ரூல்ஸ் எழுதற எடம் ஒண்ணு இருக்குது, நீ பாத்திருப்ப. எது நடந்தா இன்னா பண்ணணும்னு எழுதி வைக்கறது. கத்துக் குடுக்கறப்ப அதையும் தொறந்து காட்டினான். நான் வெளிய போனா சும்மா குறிச்சு வச்சுக்கும், அவ்ளோ தான். பால்காரர் வந்தாலும் அப்படித் தான். சிந்து வாசக் கதவ தாண்டினா மட்டும் அவன் போனு அலறணும். தூங்கினாலும் எழுப்பணும். அவ போனு இந்த வூட்டு வைஃபைய வுட்டுப் போனாலும் அலறணும். ஏண்டா அவளுக்கு மட்டும் அப்படின்னேன். அவளுக்கு வயசு கம்மிம்மா, ஒலகம் தெரியாது, ஒண்ணு ஆச்சுன்னா யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்கன்னான். கல்யாணத்துக்கு முன்ன வேலூர்ல ஐசியூல டூட்டி பாத்த பொண்ணு. அவளுக்கு ஒலகம் தெரியாதாம்.

அவ மொட்டை மாடில துணி காயப் போட்டுட்டு மலையப் பாத்துகினு நின்னாக்க, எனக்குப் போன் வரும். அம்மா, அவ இன்னா இவ்ளோ நேரமா மாடில நிக்கறா? துணி காய வைக்கறாடா. துணி போட்டு முடிச்சுட்டாம்மா, சும்மா நிக்கறா. அவ அதுக்கப்பறம் மாடிக்கே போறதில்ல. நான் தான் போயி காய வைக்கறேன். கூடத்துல உக்காந்து அழுதா, ஏன் அழுவறன்னு கேப்பான். அழுவாம உக்காந்திருந்தா, ஏன் ஒரு மாதிரி இருக்கறன்னு கேப்பான்.

சமையக்கட்டுல ஃபிரிட்ஜுக்கும் செவுத்துக்கும் நடுவுல ரவோண்டு எடம் இருக்குது. அங்க எந்தக் கேமராவும் எட்டாது. அவ தான் கண்டுபுடிச்சா. அங்க ஒரு ஆள் தாராளமா உக்காரலாம், ரெண்டு ஆள்னா முட்டிய மடக்கிகினு தோளோட தோள் இடிச்சுகினு உக்காரணும். நாங்க பேசறதுன்னா அங்க தான். மாமியாரும் மருமகளும் எலி மாதிரி. ஒரு பௌர்ணமி அன்னைக்கு அங்க உக்காந்துகினு கேட்டா, அத்தை, வாசல்ல போறாங்களே, இவங்கள்லாம் சுத்தி முடிச்சுட்டு அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுவாங்க இல்லன்னு. பாதையிலயே வூடு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவ ஒரு தடவ மலைய சுத்தினதில்ல.

ரசம் ஊத்தட்டா? உப்புமாவுக்கு ரசமான்னு கேக்காத, எங்க வூட்டுப் பழக்கம். வேணாமா? சரி, காபி போடறேன்.

மூணாவதா? இரேன்பா, ஆத்திரப்படாத. இதுவும் தப்பாப் போனா பூட்டிக்குமே. கல்யாணத் தேதியா இருக்குமோ? வைகாசில நடந்துச்சு. தேதி கல்யாணப் பத்திரிக்கையில பாக்கணும், பீரோல இருக்குது. பீரோ சாவி சிந்து கிட்ட. ஏன், நீயே தோராயமா அடியேன், போனா போவுது. பத்தொம்பதுன்னு வையி.

பூட்டிக்கிச்சா? எவ்ளோ நேரம் காட்டுது? ஒரு மணி நேரமா? சரி வுடு. உக்காரு. மழையும் வுடல, எங்க போவப் போற.

மேல போனு அடிக்குது. ஆமா, மாடியில தான், சிந்து போனு. சக்தியாத் தான் இருக்கும். அடிக்கட்டும், நிக்கும். நின்னுடுச்சு பாரு. மறுபடியும் அடிக்கிறான். இரு, நான் போயி எடுத்துட்டு வரேன். நீ காபிய குடி.

அப்பாடி, படி ஏறினா மூச்சு வாங்குது. அவ தூங்கறான்னு சொல்லிட்டேன். எழுப்பிக் குடுன்னான். தலை வெடிக்குதுன்னு இப்பத் தான்டா கண்ணசந்தா, நீயே வந்து எழுப்பிக்கன்னு கத்திட்டேன். அவன் கிட்ட நான் கத்தினதே இல்ல.

பயமா? எனக்கா? இல்லப்பா. ஆடில நடந்தத நெனச்சுகினேன், அதான்.

சிந்துவோட அப்பா பேரு பலராமன். கீழ்பென்னாத்தூர்ல தான் வூடு, நல்ல மனுஷன். ஆடி மாசம் ஒரு நாள் காலைல அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. அவ அண்ணன் போன் பண்ணான், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறோம், ஒன்னத் தான் கேக்கறாரு, வான்னு. இவ சக்தி கிட்ட கேட்டா. தனியாப் போகாத, நாளைக்கு வளவன் வருவான், அவன் கார்ல போன்னான். வளவன் இவன் கூடப் படிச்சவன், செங்கம் ரோட்டுல டிராவல்ஸ் வச்சிருக்கான். நாளைக்கான்னு இவ கேட்டா. ஆமா, இன்னைக்கு அவனுக்கு சவாரி இருக்குதுன்னு போன வச்சுட்டான். இவ என்னப் பாத்தா. செருப்ப மாட்டிகினு போயிட்டா.

அன்னைக்கு மெஷின் முழிச்சுகினு இருந்துச்சு. அவ வாசக் கதவ தாண்டினதும் அங்க அலறிடுச்சு. அவ ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டு போயி, பஸ்ஸுல ஏறி சீட்டுல உக்காந்துட்டா தம்பி. டிரைவர் ஏறி உக்காரணும், அவ்ளோ தான் பாக்கி. சவாரி இருக்குதுன்ன வளவன் வந்து நிக்கறான். ஜன்னல் பக்கத்துல நின்னுகினு, எறங்கு தங்கச்சி, சக்தி லைன்ல இருக்கான், எறங்குன்னு. பஸ்ஸே வேடிக்கை பாக்குது. கண்டக்டர் கேட்டிருக்காரு, யாரும்மா இவருன்னு. இவ எழுந்துட்டா. எறங்கிட்டா.

இட்டாந்து வுட்டுட்டுப் போனான். அவ கூடத்துல கேமராவுக்கு நேரா உக்காந்தா. அசையல. சாப்பிடல. மறுநாள் அதே கார்ல போனா. ஆஸ்பத்திரில அவங்கப்பா கண்ணு முழிச்சுப் பாக்கறாரு, கையப் புடிச்சுக்கறாரு, பேச்சு வரல. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் சிந்து வந்துட்டாளா, சிந்து வந்துட்டாளான்னு கேட்டுகினு இருந்த மனுஷன். இப்பவும் இருக்காரு. பேச்சு வரவே இல்ல.

சக்திக்குத் தெரியுமான்னா, தெரியும். அழுதான். நான் நாளைக்குப் போன்னு தான சொன்னேன், போகாதன்னா சொன்னேன்னு அழுதான். அடுத்த வாரமே பஸ்ஸுல போனா தெரியற மாதிரி அவ போன்லயும் என்னமோ போட்டுட்டான். அழுவறதும் அவன் தான், போடறதும் அவன் தான்.

பொறந்த வூட்டுக்கு அனுப்பிடலாமேன்னு நீ கேக்கற. கேக்க நல்லாத் தான் இருக்குது. அங்க போனா வளவன் கார் அங்க வரும். அவ அண்ணனே பொட்டிய தூக்கி கார்ல வச்சு அனுப்புவான். மாப்ள அபுதாபில இருக்காரு, வூடு கட்டியிருக்காரு, கை நீட்டறதில்ல, உனக்கு இன்னா கொறைன்னு கேப்பான். கேட்டுட்டான் ஏற்கெனவே.

எனக்கு மட்டும் இன்னா வாழுதுன்ற? நான் நெனச்ச நேரம் கடைக்குப் போவலாம், கோயிலுக்குப் போவலாம். ஆனா போவ மாட்டேன். நான் போனா அவ தனியா இந்தக் கண்ணுங்க கூட உக்காந்திருக்கணுமே. அதனால நானும் போறதில்ல. காலைல எழுந்து குளிச்சு, சாமி வெளக்க ஏத்தறதுக்கு முன்ன இது முன்னாடி குனிஞ்சு இத எழுப்பறேன். நானே என் கையால. ஒவ்வொரு நாளும் ஒரு கதவ பூட்டற மாதிரி இருக்கும்.

பூட்டு தொறந்துடுச்சா? இன்னும் இல்லியா? சரி.

ஒரு நிமிஷம், என் போனு... நின்னுடுச்சு. ஒரே ஒரு ரிங்கு. எங்க, நம்பர படிச்சு சொல்லு, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல. எந்த ஊரு நம்பர்னு கண்டுபுடிக்க முடியுமா உன்னால? பேரு காட்டுதா? கர்நாடகாவா? நல்லாப் பாரு. கர்நாடகா தான?

அப்பனே அண்ணாமலையானே.

இல்லப்பா, அழுவல. புகை. அடுப்பு புகை. கேஸ் அடுப்புல ஏது புகைன்னு கேக்காத. அந்தத் துண்ட குடு.

தோ, தொறந்துடுச்சு போல இருக்குது, பாஸ்வேர்டு கேக்குது பாரு. அடி. புளியோதரை. ஆமா, சாப்பிடற புளியோதரை தான். எல்லாம் சின்ன எழுத்து, சேத்து அடி. நேத்து ரெண்டு பேரும் அந்த ஃபிரிட்ஜு சந்துல உக்காந்து இன்னா பாஸ்வேர்டு வைக்கலாம்னு யோசிச்சோம். யாராலயும் கண்டுபுடிக்க முடியாததா வையுங்க அத்தைன்னா. நான் அப்போ அவளுக்கு வழிக்குக் கட்டிக் குடுக்கப் புளி கரைச்சுகினு இருந்தேன். அதையே வச்சுட்டோம். ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சா.

எந்த வழிக்கா? பெங்களூருக்கு. இடி இடிக்க ஆரம்பிச்சதும் இத நிறுத்திட்டு நான் தான் கொடை புடிச்சு செங்கம் ரோடு வரைக்கும் இட்டுகினு போனேன். பஸ்ஸுல ஏத்தி வுட்டேன். ஒரு வாரமா வானத்தப் பாத்துகினு இருந்தோம் எப்போ இடிக்கும்னு, நேத்து தான் நல்லா கருத்துக்கிச்சு. அவ போன இங்கயே வச்சுட்டுப் போயிட்டா. அங்க அவ கூடப் படிச்ச பொண்ணு நர்சா இருக்குது, அது வந்து கூப்பிட்டுகினதும் அது போன்லேர்ந்து ஒரு ரிங்கு வுடச் சொன்னேன். ஆஸ்பத்திரில வேலை கெடைச்சிருக்குது. எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாது. சொல்லாதன்னு நான் தான் சொன்னேன். தெரிஞ்சா, சக்தி அழுதான்னா நான் சொல்லிடுவேன். என்ன எனக்குத் தெரியும்.

உன்ன இவ்ளோ நேரம் உக்கார வச்சதுக்குக் கோவிச்சுக்காத. நீ வந்த ஒடனே எழுப்பிக் குடுத்திருந்தா அவ இல்லாதது அப்பவே தெரிஞ்சிருக்கும். அவ அப்போ கிருஷ்ணகிரி கூடத் தாண்டியிருக்க மாட்டா. வளவன் கார் பஸ்ஸ புடிச்சிருக்கும். உனக்கு ஒண்ணும் வராது, பயப்படாத. பாஸ்வேர்டு கெழவிக்கு ஞாபகம் வந்துச்சுன்னு எழுதிக்க. பொய்யும் இல்லியே.

நானா? நான் எதுக்குப் போவணும் அவ கூட? அவ கேட்டா, பஸ்ஸுல ஏறி நின்னுகினு, நீங்களும் வந்துடுங்க அத்தைன்னு கையப் புடிச்சு இழுத்தா. நல்லா கேட்டா போ. எழுப்புப்பா அத. வரிசையா எழுப்பு, கேமரா எல்லாம் தொறந்தப்பறம் சேதி. ரவ நேரத்துல கூப்பிடுவான். கூப்பிட்டு அழுவான், கத்துவான், ஏம்மா எனக்கு யாருமே சொல்லலன்னு கேப்பான். எடுக்கறதுக்கு ஒருத்தி இங்க இருக்கணும் இல்ல.